பிரியாவின் தோள்

மகள் பிரியாவின் தோள் கன்றி நீலம் பாரித்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜோசப் என்ற பையனோடு அவள் ஜோடியாக நவீன நடனம் ஆடுகிறாள். அவன்தான் இவளைத் தூக்கிக் கீழே போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். நடனமே வேண்டாம் என்று சொல்லி அழைத்துவர, கிள்ளானிலிருந்து நெரிசலில் ஊர்ந்து பிரிக்பீல்ட்ஸ் ஒத்திகைக் கூடத்துக்குப் போனேன்.

கதவைத் திறந்தால், தூக்கிக்கொண்டிருந்தவள் பிரியா! வீட்டில் அரிசிப் பையை நகர்த்தச் சொன்னால் முதுகு வலிக்கிறது என்பவள், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்லச் சுழன்றாள்.

"ஏய், இறக்கு!" என்று ஓடிப்போய் அவன் காலைப் பிடித்தேன். மூவரும் விழுந்தோம்.

"அப்பா! உங்கள யாரு பிடிக்கச் சொன்னது?"

"சாரி அங்கிள், நான் கொஞ்சம் வெயிட்டு லா" என்றான் ஜோசப், தரையில் கிடந்தபடியே.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். எழுந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். மறுபடியும் ஆடினார்கள். கண்களை மூடி, உடம்பைத் தளர்த்தி, அவள் தோளில் சாய்ந்தான் ஜோசப். அவள் கால் அசையவில்லை.

இத்தனை வருடமும் இவளை யாராவது கீழே போட்டுவிடுவார்களோ என்றே பயந்திருக்கிறேன். இவள் ஒருவரைத் தாங்குவாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.