வயிறு பெருத்த கூடுகள்

மாரீஸ்வரியை வேலையை விட்டு அனுப்புவது மிகவும் சுலபம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆர்டர் கிடையாது, அவளுக்காகப் பேச ஆள் கிடையாது, படிப்பு எட்டாவதோடு சரி. அவள் வாயை மூட வைப்பதுதான் கிளப்பில் இதுவரை எவராலும் ஆகவில்லை.

அனுமந்தன்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது அந்தத் துப்பாக்கி கிளப். சுட்டு முடித்துச் சிவப்புக் கொடியை இறக்கியதும் வாளியோடு உள்ளே போய், தரையில் சிதறிக் கிடக்கும் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்குவது அவள் வேலை. அந்தக் காலிக் கூடுகளுக்கு அங்கே எம்டி என்று பெயர். குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, கழுவி, காயவைத்து, தரம் பிரித்துக் கொடுப்பாள். லைசென்ஸ் இருப்பதால், கிளப்பில் அவற்றை மெஷினில் அமுக்கி, மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவார்கள்.

இதற்கு முன் பதினெட்டு வருடம் போடியில் ஏலக்காய் தரம் பிரித்தவள். ஏலக்காயில் பருத்ததுதான் முதல் தரம். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கேயும் கொண்டுவந்தாள். சுடும்போது சில கூடுகள் அடிப்பக்கம் லேசாக ஊதிப்போகும். வந்த முதல் வாரம், வயிறு பெருத்த அந்தக் கூடுகளையெல்லாம் தேடித் தேடி நல்ல குவியலில் சேர்த்தாள். ஊதினது ஆகாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கு அவளோடு நின்று பேச நேரமில்லை.

அப்படிச் சேர்த்த ஒன்று மறுபடி தோட்டாவாகி, திரிஷாவின் கைத்துப்பாக்கிக்குள் வெடித்தது. உத்தமபாளையத்தில் கல்லூரிக்குப் போகிற பெண், மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியின் கைப்பிடி பிளந்து உள்ளங்கை கிழிந்தது. மெஷின் கோளாறு என்று பேசிக்கொண்டார்கள். கிழிந்த கூட்டைப் பொறுக்கிய மாரீஸ்வரிக்குத்தான் பார்த்ததும் தெரிந்தது. அவள் ஆசையாக எடுத்து வைத்த கூடு அது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"ஏந்தப்புதான் பாப்பா. பெருசா இருந்தா நல்லதுன்னு நெனச்சுட்டேன்."

"தெரியாமச் செஞ்சதுதானக்கா, விடுங்க" என்றாள் திரிஷா. மாரீஸ்வரியால் விட முடியவில்லை. கட்டுக்கு உள்ளே ஏழு தையல் என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டையும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்ப்பாள். நேராக ஓடினால் நல்லது. தள்ளாடினால் பால்பவுடர் டப்பாவுக்குள் போகும். டப்பாவை மூடி அதன் மேல் கல்லைத் தூக்கி வைப்பாள்.

இந்த வருடம் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது புதுத் தோட்டா வந்து சேரவில்லை. செயலாளர் ஈஸ்வரபாண்டிக்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது. திராட்சைத் தோட்டக்காரர், எதையும் வீணாக்காத மனிதர். அந்த நல்ல குணம்தான் இங்கே வினையாயிற்று.

"ஏம்மா, அதுல எத்தன கெடக்கு?"

"நாப்பத்தொண்ணு சார்."

ஒன்றை எடுத்து அவரே மெஷினில் விட்டு அமுக்கினார். ஊதல் மறைந்து புதுசுபோல வந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா? எல்லாத்தையும் இப்பிடி எடுத்துரலாம்."

"ஊதுன எடத்துல தகடு மெலிஞ்சு போயிருக்கும் சார். வெளிய அமுக்குனா உள்ள தடிச்சிருமா?"

"நீ எனக்குப் பாடம் எடுக்காத. இத வெளிய வீசவும் முடியாது. ரிஜிஸ்டர்ல இருக்கு. போலீஸ்காரக வந்தா ஒவ்வொண்ணா எண்ணுவாக. சும்மா கெடக்குறதுக்குத் தோட்டாவாப் போகட்டும். நாளைக்குக் காலையில டப்பா மெஷினுக்கு வரணும். இல்லைன்னா நீ வீட்டுக்குப் போயிக்க."

பயமில்லாமல் இல்லை. இந்த வேலை போனால் மறுபடி போடி பஸ்ஸில் தொங்க வேண்டும், நாள் முழுக்கக் குனிந்து ஏலக்காய் பார்க்க வேண்டும். ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. சுடப்போவது இவரா? ரிஜிஸ்டரைச் சொல்லிச் சொல்லி மிரட்டுகிறாரே, அதில் எண்ணிக்கைதானே இருக்கிறது? எந்த உருவத்தில் இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்தாள். ஆணியடிக்கிற சுத்தியலை எடுத்தாள். கேட் ஓரத்துக் கல்லில் ஒவ்வொரு கூடாக வைத்து ஓங்கி அடித்தாள். சப்பையாகிற வரை அடித்தாள். பயிற்சிக்கு வந்த திரிஷா சத்தம் கேட்டு வந்து பக்கத்தில் நின்றாள். சப்பையானவற்றை எடுத்து ஒரு தட்டில் போட்டாள்.

ஈஸ்வரபாண்டி வந்து பார்த்தபோது தட்டில் பித்தளைத் தகடுகள்தான் கிடந்தன. முகம் சிவந்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணிருக்க?"

"ஒண்ணும் வெளிய போகல சார். எண்ணிக்கங்க."

விட்டுவிடுகிற ஆளா அவர்! உட்கார்ந்து எண்ணினார். எண்ணி முடித்ததும் குரலில் தெம்பு வந்தது. "நாப்பதுதான் இருக்கு. கணக்கு ஒதைக்குதே?"

"மிச்சம் ஒண்ணு ஒங்க சட்டப் பையில இருக்கு சார்."

அவர் கை தன்னையறியாமல் பைக்குப் போனது. நேற்றைய சட்டைதான். கூடு பளபளவென்று வெளியே வந்தது. அதை வாங்க மாரீஸ்வரி கை நீட்டுமுன் திரிஷா நீட்டினாள், தழும்பு இருந்த கையை.

"குடுங்க சார்."

ஈஸ்வரபாண்டி அந்த உள்ளங்கையைப் பார்த்தார். கூட்டை அதில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரிஷா அதைக் கல்லில் வைத்தாள். மாரீஸ்வரி அடித்தாள்.

பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து, கோணல்மாணலான எழுத்தில் தானே எழுதினாள்: 41. சுட ஆகாது.

"இப்பச் சொல்லுங்க சார். வீட்டுக்குப் போகவா, எம்டி பொறுக்கவா?"

ஈஸ்வரபாண்டி ரிஜிஸ்டரை வாங்கி மூடினார். முந்தின நாள் மாலை சுட்டவை உள்ளே இன்னும் பொறுக்காமல் கிடந்தன. மாரீஸ்வரி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.