மூன்று விரல்களின் சராசரி

ரத்தமும் பனியன் துணி மாதிரிதான் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். இருபத்தைந்து வருடமாகத் துணி செக்கிங்கில் கிடப்பவன் வேறெப்படி நம்புவான்? துணியின் கனம் பார்க்க இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்தில் வட்டமாக வெட்டி எடை போட்டுச் சராசரி எடுப்போம். துணி வாங்கும் வெளிநாட்டு பையரே அதை ஒத்துக்கொள்கிறார். என் விரல் ஒத்துக்கொள்ளாதா?

"இந்தத் தடவையும் சர்க்கரை ஏறியிருந்தா இன்சுலின் ஊசிதானுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ரிப்போர்ட்டோடு போக வேண்டும். சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் வீரபாண்டி லேபில் ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் வரும்வரை பொறுக்க முடியாமல், வரும் வழியிலேயே ஒரு சுகர் மிஷினும் வாங்கினேன். ஊசிக்குப் பயந்து ஊசியைக் காசு கொடுத்து வாங்கிய ஆள் நான்.

வீட்டில் மனைவிக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். நான் ஒரு துண்டும் தின்னவில்லை, முகர்ந்ததோடு சரி. கையை வழக்கம்போல் பனியன் வேஸ்ட் துணியில் துடைத்தேன். வண்டிக்கும் அடுப்புக்கும் கைக்கும் எங்கள் வீட்டில் அதுதான். உட்கார்ந்து குத்தினேன்.

286.

அடுத்த விரல் 241. அதற்கடுத்தது 164. கூட்டி மூன்றால் வகுத்தேன். 230. அந்த நேரம் பார்த்து போனில் லேப் ரிப்போர்ட் வந்தது: 132.

எழுந்தேன், உட்கார்ந்தேன், மிஷினின் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். வாசலுக்கும் சமையலறைக்கும் நாலு நடை நடந்தேன். லேபில் ட்யூப் மாறியிருக்கும் என்று முடிவு கட்டி, இன்னொரு சர்க்கரை மாத்திரையைப் பிதுக்கப் போனேன். மனைவி அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, வெரலு வெரலாக் குத்தி வகுக்கறதுக்கு இதென்ன துணி ரோலுங்களா? எனக்குப் பாருங்க. எனக்குத்தான் ஒண்ணுமில்லியே."

ஊசியை மாற்றி அவள் விரலில் குத்தினேன். 312.

அவள் கையில் மாங்கொட்டை அப்படியே நின்றது. அதைக் கீழே வைத்து, வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

லேபில் ரத்தம் எடுக்கும் அம்மா தென்காசிப் பக்கம். மிஷினைப் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"அண்ணே, கை கழுவுனியளா?"

"தொடச்சேனுங்க."

"தொடச்சா பழச்சாறு போயிருமா? ஒரு சொட்டு ரத்தத்துல அதுவும் சேந்துல்லா வரும். மாம்பழத்துக்கு டெஸ்ட் எடுத்திருக்கிய ரெண்டு பேரும்!"

சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். ஒரே நேரத்தில் விரலில் என் மிஷின், கை நரம்பில் அவள் ஊசி. மிஷின் 139. லேப் 128.

"இப்பவும் பதினொண்ணு வித்தியாசம் வருதுங்களே!" என்று குதித்தேன்.

"துணி கனத்துல நீங்க எவ்வளவு விடுவிய?"

"மேல கீழ அஞ்சு சதவீதம்."

"வீட்டு மிஷினுக்குப் பதினஞ்சு சதவீதம் வரைக்கும் விடுவோம். வெரல் ரத்தமும் நரம்பு ரத்தமும் அச்சா ஒண்ணுபோல இருக்காது. மருந்தை மாத்தணும்னா லேப் ரிப்போர்ட்டைத்தான் டாக்டர் பாப்பாரு."

மனைவியையும் கை கழுவ வைத்துப் பார்த்தாள். 118. அதுவும் மாம்பழம் தின்ற வயிற்றோடு.

திங்கட்கிழமை டாக்டர் லேப் தாளை மட்டும் பார்த்தார். ஊசி வேண்டாம் என்றார். பழைய மாத்திரையே, காலையில் ஒன்று, தொடர்கிறது.