பூட்டிய மாடியிலிருந்து வந்த பதில்

பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்த காஞ்சனா, புருஷன் செத்த மறுவருஷம் திருத்தணிக்கு வந்து ஜமீன் பங்களாவில் குடியேறினாள். வாடகை கிடையாது. ஆள் புழங்கினால் வீடு இடியாது என்று சென்னையிலிருந்த பங்களாச் சொந்தக்காரர் கீழே ஓர் அறையையும் கூடத்தையும் திறந்துவிட்டிருந்தார். மாடி பூட்டியே கிடந்தது.

ஆந்திரப் பக்கத்து ஜமீன் குடும்பம் ஒன்று, ஆடிக் கிருத்திகைக்கு வந்த இடத்தில் அம்மை கண்ட மருமகளை அந்த மாடியறையில் போட்டுவிட்டு ஊர் திரும்பியதாம். அவள் அங்கேயே செத்தாளாம். உச்சி வெயிலில் அந்த வாசலை யாரும் தாண்டமாட்டார்கள்.

காஞ்சனாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. கூடத்தில் ராட்டையைப் போட்டுத் தறிகளுக்கு நூல் சுற்றினாள். மத்தியானம் ஆனால் மாடியில் பாயை இழுப்பது போலச் சத்தம் கேட்கும். முதலில் நடுங்கினாள். ஒருநாள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டவள், வாய்தவறி மேலே பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, சாப்டறியா?"

சத்தம் நின்றது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. தினமும் கேட்பாள். நூல் அறுந்தது, தம்பி எட்டிப்பார்க்காதது எல்லாம் சொல்வாள். பதில் வராது என்ற தைரியத்தில்தான் பேசினாள்.

எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் சொந்தக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு இரண்டு பேர் காரில் வந்தார்கள். சாமிநாதன் சென்னைக் கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியர். பேய் இருப்பதாகச் சொல்லும் வீடுகளைத் தேடிப்போய் ஆராய்கிறவர். கூட வந்த நசருல்லா அரக்கோணத்து ரேடியோ மெக்கானிக். மாடியறையில் தூசும் வௌவால் எச்சமும்தான் இருந்தன. நடுவில் டேப் ரிகார்டரை ஓடவிட்டுக் கதவைப் பூட்டினார்கள்.

"நீங்க எப்பவும் போல இருங்கம்மா. நாங்க வெளியில இருக்கோம்" என்றார் சாமிநாதன்.

அன்று பாய்ச் சத்தம் கேட்கவில்லை. கூச்சமாக இருந்தாலும் சாப்பாட்டு வேளையில் காஞ்சனா வழக்கம்போலக் கேட்டாள். மேலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

பிறகு நசருல்லா ரிகார்டர் பெட்டியைக் கீழே கொண்டுவந்து கூடத்தில் போட்டுக்காட்டினார். கீழிருந்து ராட்டைச் சத்தம் மெல்லிசாகக் கேட்டது. தூரத்தில் காஞ்சனாவின் குரல்: "சாப்டறியாம்மா?" உடனே, மைக்கை ஒட்டி, வறண்ட பெண்குரல் ஒன்று ரகசியம் போலச் சொன்னது.

"வாள்ளனி போனீ."

சாமிநாதனுக்குத் தெலுங்கு தெரியாது. "என்னம்மா சொல்லுது?" என்றார்.

காஞ்சனா மாடியையே பார்த்தாள். நசருல்லாதான் சொன்னார்: "அவுங்க போவட்டும்னு சொல்லுது சார்."

"அவுங்கன்னா?"

"நீங்கதான் சார்" என்றாள் காஞ்சனா. "கெளம்புங்க. இங்க இருக்காதீங்க."

அவர்கள் சாமான்களை வாரிக்கொண்டு போன வேகத்தில் மாடிக் கதவைப் பூட்ட மறந்துவிட்டார்கள். கார் சத்தம் தேய்ந்தது. மேலே பாய் இழுபட்டது. சற்று நேரத்தில் அந்தச் சத்தம் படிக்கட்டுக்கு வந்தது. படிகளில் அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஓடத்தான் நினைத்தாள். ஆனால் தினமும் வாய்விட்டுக் கூப்பிட்டவள் அவளேதான். இன்னொரு தட்டில் சோறு போட்டு, பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டாள். முதுகுக்குப் பின்னால் துணி உரசியது. காய்ச்சல்காரர் மூச்சு போல அனல் பிடரியில் பட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

அனல் விலகிய பிறகு திரும்பிப் பார்த்தாள். சோறு போட்டபடியே இருந்தது. சொம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு அம்மையார்குப்பத்திலிருந்து தம்பி ராஜவேலு ஓடிவந்தான். "வந்துடுக்கா, இங்க எப்டி இருப்ப?" என்று கையைப் பிடித்து இழுத்தான்.

"பயமாத்தான் கீதுடா" என்றாள். "ஆனா தாகத்தோட கெடந்துகீறாளே. எல்லாரும் உட்டுட்டுப் போனாமாதிரி நானும் எப்டிப் போறது?"

பங்களாவை விற்று இடிக்கும்வரை அவள் அங்கேயே இருந்தாள். தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரை மாடிக்குத் தூக்கிப்போவாள். அந்த அறைக்குள் குடத்தை வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவாள்.