மெர்லுடைய கடைசி இருபது நிமிடம்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் அந்தப் பக்கம் சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். சூடாக ஒரு தட்டு சாப்பாடு, கூடவே ஒரு ஆறுதல் வார்த்தை. ட்வைலாவின் கணவன் மெர்ல் செத்த அன்று, அவனோடு வேலை பார்த்த டுவேன் கோழி நூடுல்ஸோடு வந்து, "படக்குன்னு போயிட்டான் ட்வைலா. வலியே தெரிஞ்சிருக்காது" என்றான். பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்வைலா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருடம் நடமாடினாள்.

தானியக் கிடங்கில் இரும்பு மேடை சரிந்து செத்துப்போன மெர்லுக்காக, மேடை போட்ட கம்பெனிமேல் அவள் வழக்குப் போட்டிருந்தாள். எதிர்வக்கீல் சத்தியம் வாங்கிக்கொண்டு விசாரித்தபோதும், "வலியில்லாம போயிட்டாரு" என்றே சொன்னாள். பாவி மகள், நல்ல மனசோடு சொன்னாள்! அவன் விடுவானா? உடனே ஒரு மனுப் போட்டான். வழக்கு முழுவதையும் அவன் தொடவில்லை. செத்தவர் பட்ட வேதனைக்கான நஷ்டஈட்டுக் கோரிக்கையை மட்டும் இப்போதே வெட்டிவிடுங்கள், அதில்தான் தகராறே இல்லையே, ஜூரி எதற்கு என்றான்.

"மாத்திச் சொல்ல ஒரு சாட்சி இருந்தாப் போதும். தகராறு இருக்குன்னு ஜட்ஜ் அதை ஜூரிகிட்டயே விட்டுடுவார்" என்றாள் ட்வைலாவின் வக்கீல் ஹெய்டி. டுவேனை வரச்சொன்னாள். பிரமாணப் பத்திரம் என்றதும் அவன் உடைந்துபோனான்.

"இருபது நிமிஷம் உயிரோட இருந்தான் ட்வைலா. என் கையை விடவே இல்ல. உனக்குப் போன் போடப் போனேன். வேணாம்டா, இப்ப அவ வண்டி நிறையப் புள்ளைங்க இருக்கும், பதறிடுவான்னு தடுத்துட்டான்."

"அப்புறம் ஏண்டா பொய் சொன்னே?"

"உனக்குக் குடுக்க வேற என்ன இருந்துச்சு என்கிட்ட?"

ஹெய்டி மெதுவாகச் சொன்னாள்: "இதைத் தாக்கல் பண்ணலைன்னா அந்தப் பகுதி மட்டும் போகும், மத்த வழக்கு நடக்கும். பண்ணினா, கோர்ட்டுல எல்லார் முன்னாடியும் இதை நீங்க உட்கார்ந்து கேக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னத்த யோசிக்கிறது? அவரு அங்க கெடந்தப்போ நான் புள்ளைங்களோட பாட்டுப் பாடிக்கிட்டு வண்டி ஓட்டிட்டிருந்தேன். இப்ப அப்படி ஒரு நேரமே இல்லேன்னு நானே சொல்லவா? தாக்கல் பண்ணும்மா."

எதிர்வக்கீலின் மனு தள்ளுபடியானது. விசாரணை நாளில் டுவேன் கூண்டில் ஏறிச் சொன்னது முழுவதையும் ட்வைலா முன்வரிசையில் இருந்து கேட்டாள். கொஞ்சம் வெளியே போய் இருங்கள் என்று ஹெய்டி இரண்டு தடவை கெஞ்சினாள். அவள் எழுந்திருக்கவில்லை.