பேருந்து திரும்பும் இடம்

கிணத்துக்கடவில் பேருந்து ஏறியபோதுதான் செய்தி வந்தது. நடத்துநர் என் இருக்கையருகே வந்து நின்று, "டீச்சர், ருக்குமணியக்கா காலைல போய்ட்டாங்க" என்றார். எங்கள் புதூருக்குப் பேருந்தைக் கொண்டுவந்தவரின் சாவுச் செய்தியை அந்தப் பேருந்திலேயே கேட்டேன்.

அக்காவிடம் பழகியவர்களுக்குத் தெரியும், அவர் பேச்சில் மரியாதையும் குறையாது, பிடிவாதமும் குறையாது. நான் புதூர் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது மெயின் ரோட்டில் இறங்கித் தோப்புகளுக்கு நடுவே வெகுதூரம் நடக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்காக வருடாவருடம் சில குடும்பங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போயின. இப்படியே விட்டால் ஊரில் ஆளே மிஞ்சாது என்று அக்காவுக்குப் பயம். பேருந்து கேட்டு மனு மேல் மனு போட்டார்.

ஒருவழியாக ஓர் அதிகாரி வந்தார், அதுவும் உச்சி வெயிலில். பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு, "ஊர்ல ஆளே காணோமே, யாருக்கும்மா பஸ்?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்கா சிரித்தார். "ஏனுங்க சார், மத்தியானம் ஊட்ல இருந்தா சோத்துக்கு என்னுங்க பண்றது? எளநி குடிச்சுப்போட்டு இருங்க. பொழுதோட எண்ணிப் பாருங்க" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். சாயங்காலம் மெயின் ரோட்டிலிருந்து ஊரே நடந்து வந்தது. மில்லுக்குப் போனவர்கள், கல்லூரிப் பெண்கள், தேங்காய்க் களத்து ஆட்கள், மருந்துப் பையோடு ஒரு கர்ப்பிணி. அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார்.

ஆனால் விடவில்லை. "ஆள் இருக்கு, சரி. வண்டி திரும்ப இடம் எங்கே?" என்று கேட்டார். ஊர்ச்சாலை அக்காவின் தோப்பில்தான் முடிகிறது. மறுநாளே அக்கா தன் வாசலை ஒட்டிய தென்னைகளை வெட்டச் சொல்லிவிட்டார். கோவையிலிருந்து மகன் கதிர்வேல் ஓடி வந்தார்.

"காய்க்கிற மரத்தயாம்மா வெட்டறது?"

"தேங்காய எங்க வேணாலும் வாங்கிக்கலாம் கண்ணு. ஆளு போனா எந்தச் சந்தைல வாங்கறது?"

கதிர்வேல் மாதக்கணக்கில் அம்மாவோடு பேசவில்லை. அதற்காக அக்கா என்னிடம் அழுதிருக்கிறார். மரத்துக்காக ஒருநாளும் அழவில்லை.

முதல் பேருந்து வந்து திரும்பப் பார்த்தபோது அதன் பின்பக்கம் அக்காவின் எருமைக் கொட்டகையில் முட்டியது. ஓட்டுநர் கையை விரித்தார். "இஞ்சின நிறுத்தாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா எருமைகளை அவிழ்த்தார். ஊரே சேர்ந்து கூரைத் தகரத்தைக் கழற்றினோம். வண்டி அழகாகத் திரும்பியது, விசில் பறந்தது. பேருந்து என்றாலே வாந்தி எடுக்கிற அக்கா, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அடுத்த நிறுத்தம் வரை போய், நடந்தே திரும்பி வந்தார். அதன்பின் அதில் ஏறவே இல்லை.

சாவுச் செய்தி கேட்ட அன்று பேருந்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, வண்டி திரும்பும் இடத்தைச் சாவுப்பந்தல் அடைத்திருந்தது. "இன்னிக்கு ஒருநா மெயின் ரோட்டோட நின்னுக்கட்டுமுங்க" என்றார் ஒரு பெரியவர். கதிர்வேல் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். "வேண்டாமுங்க மாமா, பந்தலத் தள்ளிப் போட்டுக்கலாம். பஸ் திரும்பட்டுமுங்க." முதல் பந்தல்காலை அவரே பிடுங்கினார். பேருந்து திரும்பியது. நான் வாய்விட்டு அழுதேன்.

அக்காவின் படம்கூட என்னிடம் இல்லை. 'பொழுதோட எண்ணிப் பாருங்க' என்ற குரல் இருக்கிறது. அன்று மாலை வண்டியிலிருந்து இறங்கியவர்களை எண்ணத் தொடங்கினேன். முடியவில்லை அக்கா, அத்தனை பேர். ஜெயித்துவிட்டீர்கள்.