விரதத்தில் ஒரு சவுனாக் குளியல்

கந்தசஷ்டி விரதத்தில் தண்ணீரும் குடியாதிருந்த என் மனைவியை, உப்புவெளி ஹோட்டலொன்றின் சவுனா என்னும் வெப்ப அறைக்கு அழைத்துப் போனேன். வியர்வையோடு நஞ்செல்லாம் வெளியேறும், முகம் மினுங்கும் என்ற ஹோட்டல்காரரின் விளம்பரப் பொய்யை, நாலு எழுத்துப் படித்தவனான நானே நம்பினேன்.

சற்று நேரத்தில், "இஞ்சாருங்கோ, தலை சுத்துது. எனக்கு ஏலாது, வெளியில போவம்" என்றாள்.

"சூரன்போர் வரைக்கும் ஆறு நாள் பட்டினி கிடப்பீர், இந்தச் சூடு தாங்கமாட்டீரோ?" என்று கேலி செய்தேன்.

அப்படியே, அமர்ந்திருந்த பலகையிலிருந்து சரிந்தாள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். "விரதகாரியைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ளயோ வைச்சனீங்கள், ஐயா?" என்று டொக்டர் கேட்டார்.

அந்தச் சூட்டு அறைகளை அழகின் பெயரால் விற்பவர்களை இன்றும் வெறுக்கிறேன். என்னை அவர்களைவிட அதிகமாக. இந்தச் சஷ்டிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். வற்புறுத்தாமல் பக்கத்தில் இருந்தேன்.