பார்த்துவிட்டுத் திற

இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொல்பவர்கள் குணவதியிடம் பேசிப் பார்க்கலாம். பேசுவாளா என்பது வேறு விஷயம்.

குணவதி மலேசியாவில், கூலிமில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். சுங்கை பட்டாணியில் இருக்கும் புவனேஸ்வரன் அவளுக்குப் பழைய பழக்கம். மழை பெய்து கால்வாய் நிறைந்தால் மதகைத் தானாகத் திறந்துவிடும் கணினி நிரல் ஒன்றை அவன் எழுதி, இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். பாடாங் மேஹா பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரர்களும் எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

ஒரே குறை, எந்த வரி என்ன செய்கிறது என்று புவனேஸ்வரன் எங்குமே எழுதி வைக்கவில்லை. எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. படிக்கிறவர்களுக்கு மண்டை காய்ந்தது. நிரலின் நடுவே விளக்கக் குறிப்புகளை எழுதித் தருகிறேன் என்று குணவதி ஒப்புக்கொண்டாள்.

மூன்றாவது வாரத்தில், நிரலில் மதகு திறக்கும் இடத்துக்கு வந்தாள். தண்ணீர் அளவுக் கோட்டைத் தொட்டதும் நிரல் உடனே மதகைத் திறக்கவில்லை. தொண்ணூறு வினாடி சும்மா நின்றது. அதற்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. ஆயிரக்கணக்கான வரிகளில் அந்த ஒரே குறிப்பு. தமிழில்.

'உள்ளே ஆள் இருக்கு. பார்த்துவிட்டுத் திற.'

உடனே போன் போட்டாள்.

"புவன் அண்ணே, மதகு திறக்கிற இடத்துல மட்டும் தமிழ்ல கமெண்ட் எழுதியிருக்கீங்களே?"



"நான் எழுதலம்மா. எனக்குத் தமிழ் எழுதவே வராது லா. நான் படிச்சது மலாய் ஸ்கூல்."

"அப்ப வேற யாரு?"

"எவனாச்சும் போட்டிருப்பான். மதகுக் குழாய்ல ஆளுங்க இறங்கி சுத்தம் பண்றது உண்டுதானே? நல்லதுக்குத்தான். விடு."

அவள் விடவில்லை. நிரலில் யார் எந்த வரியை எழுதினாலும் பெயர் பதிவாகிவிடும். தேடிப் பார்த்தாள். அந்த வரிக்கு நேரே பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அப்படிக் காலியாக விட அதில் வழியே கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்துக்கே போனாள். மதகைப் பார்த்துக்கொள்ளும் பக்கிரிசாமி குடையோடு காத்திருந்தார். தோட்டச் சாலைக்கு அடியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சிமெண்ட் குழாய். குழாயின் கால்வாய்ப் பக்கத்து முனையில் மதகு. இரும்புக் கதவு. இந்த முனை ஆற்றைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் பெட்டிக் கடை அளவு ஒரு கொட்டகை. அதற்குள்தான் கணினியும் பேட்டரியும்.

மழை பிடித்துக்கொண்டது. கால்வாயில் தண்ணீர் ஏறியது. குணவதி அந்த வரியைப் படித்துக் காட்டினாள். பக்கிரிசாமி சிரித்தார்.

"கம்ப்யூட்டரே வேலை சொல்லுதா? காலையிலதான் உள்ள போய் மட்டையெல்லாம் இழுத்துப் போட்டேன். சரி, இன்னொரு வாட்டி பாத்துட்டா போச்சு."

"வேணாம்ணே, தண்ணி ஏறுது."

"ரெண்டு நிமிஷம் லா."

டார்ச் லைட்டோடு குனிந்து உள்ளே போனார்.

மழைச் சத்தம். தவளைச் சத்தம். அப்புறம் உள்ளேயிருந்து அவர் குரல்.

"யாரு? தம்பி... யாரு நீ? வெளிய வா."



"அண்ணே! யார்கிட்ட பேசுறீங்க?"

அவர் அவளிடம் பேசவில்லை.

"சரி... சரி... வரேன்."

நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். யாரோ பதில் சொல்வதைக் கேட்பது போல. அந்தப் பதில் மட்டும் அவள் காதில் விழவில்லை.

கொட்டகைக்குள் கணினித் திரையைப் பார்த்தாள். தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது. தொண்ணூறு... எண்பத்தொன்பது...

"அண்ணே! வெளிய வாங்க! கதவு திறக்கப் போகுது!"

"வரேன்பா... இரு..."

குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. அந்தக் குழாயின் நீளம் ஒரு லாரி போகிற சாலையின் அகலம்தான். அதற்குள் அவ்வளவு தூரம் எங்கே இருக்கிறது?

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

முப்பது... இருபத்தொன்பது...

"அண்ணே!"



கிர்ர்ர்ர்... மோட்டார் சுற்ற ஆரம்பித்தது.

பேட்டரி வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பிய்ந்து வந்தது.

மோட்டார் நின்றது. திரை அணைந்தது.

குழாயின் வாயிலிருந்து தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்தது. அதில் தவழ்ந்தபடி பக்கிரிசாமி வந்தார். கையில் டார்ச் லைட் இல்லை. குணவதி அவர் சட்டையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துப் போட்டாள். அவர் பற்கள் கடகடவென அடித்துக்கொண்டன.

"உள்ள ஒரு பையன்மா. முதுகு காட்டிக்கிட்டு நிக்கிறான். கையைப் பிடிக்கப் போனா ஒரு அடி தள்ளி நிக்கிறான். 'இன்னும் கொஞ்சம் வாங்கண்ணே'ன்னு மட்டும் சொல்றான். நானும் போறேன்... போறேன்..."

"அங்க இரும்புக் கதவுதானேண்ணே இருக்கு?"

அவர் அவளையே பார்த்தார்.

"கதவே வரலம்மா."

காருக்குள் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். அந்தக் குறிப்பை அழித்தாள். தொண்ணூறு வினாடியையும் அழித்தாள். பிறகு நிரலின் பழைய பதிவுகளைத் தேடினாள். அப்படி ஒரு வரி இருந்ததற்கான அடையாளமே எதிலும் இல்லை. பக்கிரிசாமி திங்கட்கிழமையே வேலையை விட்டுவிட்டார்.

அந்த வரி திரும்பி வரவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் பார்த்தாள். வரவே இல்லை. தொலைந்தது என்று நினைத்தாள்.

பத்து நாள் கழித்து வியட்நாமிலிருந்து முன்பின் தெரியாத ஒரு விவசாயி எழுதியிருந்தார். குணவதி அதை என்னிடம் காட்டினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'உங்கள் நிரலை எங்கள் வயலில் பயன்படுத்துகிறோம். மதகு திறக்கும் இடத்தில் எங்கள் மொழியில் ஒரு குறிப்பு இருக்கிறது. பத்து நாளுக்கு முந்திய சனிக்கிழமை மாலைவரை அது அங்கே இல்லை. உள்ளே ஆள் இருப்பதாகச் சொல்கிறது. எழுதியவர் யார் என்று தயவுசெய்து உடனே சொல்லுங்கள். நேற்றுக் காலை என் தம்பி குழாய்க்குள் பார்க்கப் போனான். கதவைத் தூக்கிவிட்டுத் தேடினோம். குழாய் சின்னது. இந்தப் பக்கம் குனிந்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. தம்பி மட்டும் இல்லை. ஆனால் கூப்பிட்டால் பதில் சொல்கிறான்.'